கல்லாப்பெட்டியும் கிறிஸ்தவ விசுவாசமும்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதுங்க அண்ணாச்சி, ஆனா பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். 1971 முதல் 1974 வரை நமது கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன் நான். படித்து முடித்த கையோடு அப்பாவின் இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்தேன். ஆணி, கீல், தாழ்ப்பாள், மண்வெட்டி, கம்பி வலை, பெயின்ட் டப்பா என்று 38 ஆண்டுகள் ஓடிவிட்டன. "வரலாறு படிச்சிட்டு ஆணி விக்கியாக்கும்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்குப் படிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

கடையில் இருந்த நாட்களிலெல்லாம் என் மனதில் ஒரு கேள்வி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலில் எழுந்து நின்று நாம் அறிக்கையிடும் விசுவாசம், திங்கட்கிழமை காலையில் தராசுத் தட்டில் எப்படித் தெரிய வேண்டும்? கடையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அடிக்கடி சொல்வார்: "சாமி கும்பிடுறது கோயில்ல. யாவாரம் கடையில. ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப் போகும்." இதற்குப் பதிலாக என் அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லுவார்: "தராசுக்கு ஞாயித்துக்கிழமையும் தெரியாது, திங்கக்கிழமையும் தெரியாது."

இவர்களில் யார் சொன்னது சரி? வரலாற்றில் ஒரு கூட்டத்தார் இந்தக் கேள்வியைப் பரம்பரை பரம்பரையாகச் செய்து பார்த்தே விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள்தான் குவேக்கர்கள். அவர்களுடைய வெற்றியைப் போலவே அவர்கள் தடுமாறிய இடங்களும் நமக்குப் பாடம் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

தொப்பி கழற்றாதவர்கள்

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பகுதியில், 1624-ஆம் ஆண்டு ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். இளமையில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் வேலை பழகினார். அந்த முதலாளி கம்பளி வியாபாரமும் கால்நடை வியாபாரமும் செய்தவர். ஆகவே, குவேக்கர் இயக்கத்தைத் தோற்றுவித்தவருக்குச் சந்தை புதிதல்ல. "ஜார்ஜ் ஒரு பேச்சுச் சொல்லிட்டா அதுக்கு மேல மாத்த முடியாது" என்று ஊரார் சொல்லும்படி சிறு வயதிலேயே பெயர் எடுத்திருந்தார்.

அது உள்நாட்டுப் போர் நடந்த காலம். மன்னர் முதலாம் சார்லஸ் 1649-ல் தலை வெட்டப்பட்டார். திருச்சபையும் அரசும் ஆட்டம் கண்டிருந்தன. அந்த நேரத்தில் ஃபாக்ஸ் ஊர் ஊராகச் சென்று, தேவனுடைய ஒளி ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கிறது என்று பிரசங்கித்தார். கேட்பதற்கு எளிமையான உபதேசம். ஆனால் அதை நம்பி நடக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

எல்லாருக்குள்ளும் தேவனுடைய ஒளி இருக்கிறது என்றால், பிரபுவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றுவானேன்? கழற்றவில்லை. அக்கால ஆங்கிலத்தில் நம் தமிழைப் போலவே 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இரண்டு விதமாகப் பேசினார்கள். பெரியவர்களுக்கு ஒன்று, வேலைக்காரர்களுக்கு ஒன்று. குவேக்கர்கள் நீதிபதியையும் 'நீ' என்றுதான் அழைத்தார்கள். நீதிபதிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

அடுத்து, சத்தியப் பிரமாணம். மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், சத்தியமே பண்ண வேண்டாம், ஆம் என்பதை ஆம் என்றும் இல்லை என்பதை இல்லை என்றும் சொன்னால் போதும் என்று ஆண்டவர் கற்பித்திருக்கிறார். நாம் இதை வாசித்துவிட்டுக் கடந்து போகிறோம். அவர்கள் கடந்து போகவில்லை. சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால், மற்ற நேரத்தில் நான் பேசுவது என்ன? இதுதான் அவர்களுடைய வாதம். 1662-ல் வந்த ஒரு சட்டம், பிரமாணம் எடுக்க மறுப்பதையே குற்றமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே இறந்தார்கள். 1689-ல்தான் சகிப்புச் சட்டம் வந்தது. 1696-ல், சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கொடுக்கலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. இன்று நம் நாட்டில் மந்திரிகளும் எம்.எல்.ஏ.க்களும் பதவியேற்கும்போது, கடவுளின் பெயரால் ஆணையிடவும் செய்யலாம், உளமார உறுதி கூறவும் செய்யலாம். அந்த இரண்டாவது வழி சட்டத்தில் இடம்பிடித்த கதையில், அன்று சிறையில் கிடந்த அந்தச் சாதாரண ஜனங்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஒரே விலை

இப்போது கடைக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடையில் விலைச்சீட்டு கிடையாது. கடைக்காரர் அதிகமாகக் கேட்பார், வாங்குபவர் குறைத்துக் கேட்பார், இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ முடியும். நம்ம ஊர் பஜாரில் நடப்பது போலத்தான்.

குவேக்கர் கடைக்காரர்கள் இதிலும் அந்த 'ஆம், இல்லை' உபதேசத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். 10-க்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் பொருளை 15 என்று சொன்னால், அந்த 15 ஒரு பொய்தானே? ஆகவே, கொடுக்க நினைக்கும் விலையையே முதலில் சொல்ல ஆரம்பித்தார்கள். கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆரம்பத்தில் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஃபாக்ஸ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தொப்பி கழற்றாத, வணக்கம் போடாத கடைக்காரனிடம் யார் போவார்கள்? நாளாக ஆக நிலைமை மாறியது. சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுக்கிற அதே விலைக்குத்தான் கொடுப்பார்கள் என்பது ஜனங்களுக்குப் புரிந்தது. ஊருக்குள் வந்ததும் குவேக்கர் துணிக்கடை எது, குவேக்கர் தையற்காரர் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில், 38 ஆண்டுகள் பேரம் பேசியவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பேரம் என்றாலே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். "கடைசியா ஒரு விலை சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்பதில் ஒரு உறவு இருக்கிறது. இரண்டு வார்த்தை பேசி, குடும்பம் விசாரித்து, பத்து ரூபாய் குறைத்து வாங்கிப் போகிறவருக்கு ஒரு சந்தோஷமும் இருக்கிறது. ஆனால் யாருக்கு விலை குறைகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பேசத் தெரிந்தவருக்குக் குறைகிறது. நாலு கடை ஏறி இறங்க நேரம் உள்ளவருக்குக் குறைகிறது. கிராமத்திலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே ஒரு மண்வெட்டி வாங்க வரும் கூலிக்காரர், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். பேச்சுத் திறமை உள்ளவருக்குக் கொடுத்த தள்ளுபடியை, பேசத் தெரியாதவரிடம் வாங்கிக்கொள்கிறோம். ஒரே விலை என்பதன் உண்மையான நியாயம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் சொல்லக் கூடாது என்று தொடங்கியவர்கள், ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தராசு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடன் விஷயத்திலும் அவர்கள் கடுமையாக இருந்தார்கள். ஒருவர் தம் சக்திக்கு மீறிக் கடன் வாங்கி வியாபாரம் செய்கிறார் என்று தெரிந்தால், சபையில் இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். திவாலாகி மற்றவர்களின் பணத்தைப் போக்கடித்தவரைச் சபையிலிருந்து விலக்கியும் இருக்கிறார்கள். நம் சபையில் பாஸ்டர் ஐயர் வந்து பேரேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? காபி கொடுத்து அனுப்பி விடுவோம்!

இந்த நாணயத்தினால்தான் ஜனங்கள் அவர்களிடம் பணத்தை நம்பிக் கொடுத்தார்கள். பார்க்லேஸ், லாயிட்ஸ் என்ற இரண்டு பெரிய வங்கிகளின் வேரும் குவேக்கர் குடும்பங்கள்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு இருந்த தடைகள் பெரும்பாலும் நீங்கியது 1871-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான். படிப்பு வழி அடைபட்டதால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் வியாபாரத்துக்கு வந்தார்கள்.

ஒரு தையற்காரரின் பேனா

குவேக்கர்கள் எல்லாரும் புண்ணியவான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் குடியேறியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். சரக்கு விலையில் பொய் சொல்லாத மனிதர்கள், மனிதனையே சரக்காக வாங்கினார்கள். 1688-ல் ஜெர்மன்டவுன் என்ற இடத்தில் நான்கு பேர், இது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேல் சபைக்கு அனுப்பினார்கள். மேல் சபை, இது மிகப் பெரிய விஷயம் என்று ஒதுக்கி வைத்துவிட்டது. கமிட்டிகளின் வழக்கம் அன்றும் இதுதான்.

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜான் உல்மன். 1720-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். மவுன்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். ஒருநாள் முதலாளி, தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருவரை விற்றுவிட்டு, அதற்கு விற்பனைச் சீட்டு எழுதும்படி சொன்னார். வாங்குபவர் காத்துக்கொண்டு நிற்கிறார். அவரும் ஒரு குவேக்கர், வயதானவர். உல்மனுக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் வருடச் சம்பளத்துக்கு இருக்கிறோம், முதலாளி சொல்கிறார் என்று எழுதிவிட்டார். ஆனால் எழுதி முடித்தபின், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று இருவர் முகத்துக்கும் நேராகச் சொல்லிவிட்டார். அதன்பின் இன்னொருவர் அதே மாதிரிச் சீட்டு எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார்.

பின்னர் அவர் தையல் தொழில் பழகி, சொந்தமாகக் கடை வைத்தார். கையெழுத்து அழகாக இருந்ததால் ஊரில் உயில் எழுத அவரைக் கூப்பிடுவார்கள். அதில் வருமானமும் உண்டு. ஆனால் உயிலில் அடிமையைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். கோபப்பட்டு அல்ல, அமைதியாகக் காரணத்தை எடுத்துச் சொல்லி. சிலர் மனம் மாறி அடிமையை விடுதலை செய்யும்படி உயிலைத் திருத்தியதும் உண்டு. கடை வியாபாரம் பெருகியபோது, இவ்வளவு பெரிய வியாபாரம் ஆத்துமாவுக்குச் சுமை என்று 1756-ல் அதையே விட்டுவிட்டு, தையலும் தோட்டமும் போதும் என்று இருந்துகொண்டார். நான் வியாபாரி. இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உல்மன் ஊர் ஊராகப் பயணம் செய்து, அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்குப் போய்ப் பேசினார். அங்கே விருந்து சாப்பிட்டால், தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்கு வெள்ளிக் காசு கூலியாகக் கொடுப்பார், அல்லது கொடுக்கும்படி வீட்டுக்காரரிடமே விட்டுச் செல்வார். விருந்தாளி வேலைக்காரருக்குக் கூலி கொடுத்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்! ஒரு வசவு இல்லை, ஒரு பிரசங்கம் இல்லை. அந்தக் காசு பேசியது. அடிமைகள் உழைப்பில் விளைந்தது என்று சர்க்கரையை விட்டார். சாயம் போடாத துணியை உடுத்தினார்.

1758-ல் பிலடெல்பியா வருடாந்தரக் கூட்டம், அடிமை வைத்திருப்பவர்களை வீடு வீடாகச் சந்தித்துப் பேச ஒரு குழுவை நியமித்தது. 1776-ல், அடிமையை விட மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்றே முடிவு செய்தது. 1688-ல் ஒதுக்கி வைத்த காகிதத்துக்கு 88 ஆண்டுகள் கழித்துப் பதில் கிடைத்தது. அந்த முடிவைப் பார்க்க உல்மன் உயிரோடு இல்லை. 1772-ல் இங்கிலாந்துக்குப் போனபோது, ஆடம்பரமான கேபினில் பயணம் செய்ய மனமில்லாமல் கப்பலின் கீழ்த்தட்டில் மாலுமிகளோடு போனார். குதிரைகளையும் வண்டிக்காரச் சிறுவர்களையும் வதைத்து ஓட்டுகிறார்கள் என்று கோச் வண்டி ஏறாமல் நடந்தே ஊர்களுக்குப் போனார். யார்க் நகரில் அம்மை நோய் கண்டு அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். 52 வயது நிறையவில்லை.

காபிக்குச் சர்க்கரை வேண்டாம்

1787-ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்க லண்டனில் 12 பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. அதில் 9 பேர் குவேக்கர்கள். அவர்களால் பாராளுமன்றத்தில் உட்கார முடியாது, பிரமாணம் எடுக்க மாட்டார்களே. ஆகவே பாராளுமன்றத்தில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பேசினார், வெளியே தாமஸ் கிளார்க்சன் ஊர் ஊராகச் சாட்சி திரட்டினார். 1791-ல் மசோதா தோற்றவுடன், மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியது. ஏறக்குறைய 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டுவிட்டார்கள் என்று கிளார்க்சன் கணக்கிட்டார். ஓட்டுரிமை இல்லாத பெண்கள்தான் இதில் முன்னின்றார்கள். 1820-களில், அடிமைகள் உழைப்பில் விளையாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள்கூட விற்பனைக்கு வந்தன. அதாவது, நம் நாட்டுப் பக்கத்துச் சர்க்கரை! அடிமை வியாபாரம் 1807-ல் தடை செய்யப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறியது. ஒரு குடும்பத்தலைவியின் அஞ்சறைப் பெட்டியும் வரலாற்றை நகர்த்தும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கோகோவும் கால் பென்னியும்

கடைசியாக, நம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு பெயர், கேட்பரி. பர்மிங்ஹாம் நகரில் 1824-ல் ஜான் கேட்பரி என்ற குவேக்கர் தேயிலை, காபி, கோகோ விற்கும் கடை திறந்தார். அந்தக் காலத்தில் கோகோ பொடியில் மாவு கலப்பது சர்வசாதாரணம். கேட்பரியும் கலந்துதான் விற்றது. ஜானின் மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும், கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் டச்சு இயந்திரத்தை வாங்கி, 1866-ல் மாவு கலக்காத கோகோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1879-ல் தொழிற்சாலையை நகரத்துப் புகையிலிருந்து வெளியே கொண்டுபோய், போர்ன்வில் என்று பெயரிட்டார்கள். பின்னர் அங்கே தோட்டத்தோடு கூடிய வீடுகள் கட்டினார்கள். 1900-ல் ஜார்ஜ் கேட்பரி அந்த வீடுகளையும் நிலத்தையும் ஒரு டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு நல்ல பெயர் எடுத்த கம்பெனிக்குத்தான் சோதனை வந்தது. அவர்கள் வாங்கிய கோகோவில் ஏறத்தாழ பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்ச்சுக்கல் வசமிருந்த சாவோ தோமே, பிரின்சிப்பி தீவுகளிலிருந்து வந்தது. அங்கோலாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலிகள் காகிதத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள், நிஜத்தில் அடிமைகள். ஊர் திரும்பியவர் அபூர்வம். 1901-ல் வில்லியம் கேட்பரிக்கு இந்தச் செய்தி எட்டியது. அங்கே விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியலில், நிலத்தோடும் கட்டடத்தோடும் கூலிகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

உல்மனாக இருந்தால் மறுநாளே வாங்குவதை நிறுத்தியிருப்பார். கம்பெனி நிறுத்தவில்லை. நாம் வாங்குவதை நிறுத்தினால் வேறொருவன் வாங்குவான், வாங்குகிறவர் என்ற உரிமையோடு இருந்தால்தான் சீர்திருத்தம் கேட்க முடியும் என்று நினைத்தார்கள். வில்லியம் லிஸ்பனுக்குப் போனார். ஜோசப் பர்ட் என்பவரை 1905-ல் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி விசாரித்தார்கள். இதற்கிடையே ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் தாமே அங்கே போய்ப் பார்த்து, 1906-ல் புத்தகமே எழுதிவிட்டார். 1908-ல் வில்லியமே புறப்பட்டு நேரில் போனார். 1909 மார்ச் மாதம்தான் கேட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ ஆகிய மூன்று குவேக்கர் கம்பெனிகளும் அந்தத் தீவுகளின் கோகோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. எட்டு ஆண்டுகள் போய்விட்டன.

1908-ல் 'ஸ்டாண்டர்டு' பத்திரிகை, உள்ளூர்த் தொழிலாளிக்குத் தோட்டத்து வீடு, ஆப்பிரிக்கத் தொழிலாளிக்கு அடிமை வாழ்வா என்று குத்திக்காட்டி எழுதியது. ஜார்ஜ் கேட்பரியின் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் நடத்தப்படும் விதத்தை அடிமைத்தனம் என்று முழங்கியிருந்ததும் எதிர்த்தரப்புக்கு வசதியாகப் போயிற்று. கேட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் பர்மிங்ஹாமில் தீர்ப்பு. ஜூரிகள் கேட்பரிக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி. ஒரு பவுனில் 960-ல் ஒரு பங்கு.

அந்த ஜூரிகளை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மானத்துக்கு இந்த விஷயத்தில் கால் பென்னிக்கு மேல் விலை போட எங்களால் முடியவில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். ஒரே விலை சொல்லிப் பழகியவர்களுக்கு ஊரார் சொன்ன ஒரே விலை!

நமக்கு என்ன?

குவேக்கர்கள் எண்ணிக்கையில் என்றும் சிறு கூட்டம்தான். 1947-ல் அவர்களுடைய இரண்டு சேவை அமைப்புகளுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் சென்னைக்கும் அவர்களோடு தொடர்பு உண்டு. 1928-ல் வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார், இங்கே இருக்கும்போது குவேக்கர் ஆனவர். தமிழ் கற்றவர், காந்தியடிகளின் கல்வித் திட்டத்தில் உழைத்தவர், கோத்தகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1995-ல் காலமானார்.

இவ்வளவையும் படித்தபின், கடையில் இருந்த அந்தப் பெரியவருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும் என்று அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பக்தியை விளம்பரப் பலகையாகக் கடை வாசலில் தொங்கவிட்டால் பக்தியும் கெடும், வியாபாரமும் கெடும். ஆனால் குவேக்கர்கள் செய்தது அது அல்ல. அவர்கள் விசுவாசத்தை விலைச்சீட்டில் வைத்தார்கள், பேனாவில் வைத்தார்கள், சர்க்கரைக் கிண்ணத்தில் வைத்தார்கள். கேட்பரி தடுமாறியதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அல்ல, கண்ணுக்கு எட்டாத தூரத்தில். எதிரே நிற்கும் தொழிலாளிக்கு வீடு கட்டுவது எளிது. நம் சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் வியர்வையில் வருகிறது என்று கேட்பதுதான் கஷ்டம். மேற்கு ஆப்பிரிக்கக் கோகோ தோட்டங்களில் சிறுவர்கள் வேலை செய்வது இன்றும் ஒழிந்தபாடில்லை. ஆகவே கேள்வி பழையதாகிவிடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்டட வேலைக்குச் சாமான் வாங்க வீட்டுக்காரரை அழைத்துவரும் மேஸ்திரிக்குக் கடைக்காரர் தனியாகக் கமிஷன் கொடுப்பார். அந்தப் பணம் வீட்டுக்காரரின் பில்லில்தான் ஏறும், அவருக்குத் தெரியாமல். என் அப்பா கொடுக்க மாட்டார். "வேணும்னா வீட்டுக்காரர் முன்னாலயே வாங்கிக்கிடும்" என்பார். யார் வாங்குவார்கள்? அதனால் பெரிய பெரிய வேலைகள் எல்லாம் பக்கத்துக் கடைகளுக்குப் போயின. தெருவில் இருந்த கடைகளிலேயே எங்கள் கடைதான் கடைசிவரை மாடி ஏறாத கடை. நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்று சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். சில நேரம் பெருகும், சில நேரம் பெருகாது. பெருகுவதற்காக நேர்மையாக இருந்தால் அது நேர்மை அல்ல, முதலீடு.

அப்பாவுக்கு ஃபாக்ஸும் தெரியாது, உல்மனும் தெரியாது. ஐந்தாம் வகுப்புதான். ஆனால் கடைக்குக் காரில் வருபவரானாலும், மூட்டை தூக்கி வருபவரானாலும், அம்மா அனுப்பி ஆணி வாங்க வரும் எட்டு வயதுப் பையனானாலும், "வாங்க, என்ன வேணும்?" என்றுதான் கேட்பார். குவேக்கர்கள் எல்லாரையும் 'நீ' என்றார்கள். இவர் எல்லாரையும் 'நீங்க' என்றார். இரண்டும் ஒன்றுதான்.

நம்மில் டாக்டர்கள் இருக்கிறார்கள், வாத்தியார்கள் இருக்கிறார்கள், பத்திரம் எழுதுபவர்களும் பாங்க்காரர்களும் வீட்டை நிர்வகிக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு தராசு இருக்கிறது. எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும் அது பொருந்தும். நாம் வயதானவர்கள், இனி என்ன மாற்றம் என்று எண்ண வேண்டாம். ஊர் திரும்பியதும், நமக்கு வேலை செய்கிறவர் ஒருவருக்கு நாம் கொடுக்கும் கூலி சரிதானா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கிருந்து தொடங்கலாம். அனைவருக்கும் நல்ல சுகமும் சமாதானமும் உண்டாவதாக.